வலிக்கும் விரலும் வலியாத விரலும்



பல் வலித்தால் பல் வைத்தியரையும், கண் மங்கினால் கண் வைத்தியரையும் தேடிச் செல்லும் மனிதன், கால் விரலில் ஒரு துன்பம் நேர்ந்தால் மட்டும் எவரிடமும் செல்வதில்லை. "ஒரு விரல்தானே, இரண்டு நாளில் ஆறிவிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தேங்காய் எண்ணெயைத் தடவி, ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறான். பெரும்பாலான வேளைகளில் அவன் எண்ணம் பொய்ப்பதுமில்லை. விரல் ஆறித்தான் விடுகிறது. ஆனால் ஆறாத விரல்களும் உள. அவற்றுள் சில தம் துன்பத்தை உரத்துச் சொல்லும். சில ஒன்றும் சொல்லாமலே அழுகிப் போகும். எந்த நிலையில் வீட்டு மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நகத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. நகம் என்பது உயிரற்ற ஒரு தகடு. மாட்டின் கொம்பும், குதிரையின் குளம்பும், மனிதனின் மயிரும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால், அதாவது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிர் இருப்பது தோலுக்குள் மறைந்து கிடக்கும் நகவேரிலேயாம். அவ்வேரிலிருந்து புதிய நகம் தோன்றிப் பழையதை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். கால்விரல் நகமோ அதில் பாதியளவே வளரும். ஆகையால் கைநகம் ஒன்று கழன்று விழுந்தால் 6 மாதத்தில் புதியது நிரம்பிவிடும். கால் பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 மாதம் முதல் 18 மாதம்வரை செல்லும். ஒரு கிழமை மருந்து பூசிவிட்டு, நகம் இன்னும் அழகாகவில்லையே என்று மருந்தையும் வைத்தியரையும் மாற்றுவோர், நகத்தின் இந்த மந்த நடையை மறந்துவிடுகிறார்கள்.

பாடசாலைகளில் ஆண்டுதோறும் காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில், நன்றாக ஓடக்கூடிய ஒரு மாணவன் ஒரு காலைச் சற்றே சாய்த்து வைத்து நடக்கத் தொடங்குவான். கேட்டால் "ஒன்றுமில்லை, சேர்" என்பான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் தயங்குவான். கழற்றிப் பார்த்தால், பெருவிரலின் ஓரம் சிவந்து தடித்து, நகத்தின் மூலை தசைக்குள் புதைந்து, அவ்விடத்தில் ஈரமாக ஒரு சிறு செந்தசை துருத்திக்கொண்டிருக்கும். மேசின் நுனியில் சீழ்க்கறையும் இருக்கும். போட்டியில் ஓட விடமாட்டார்களோ என்ற அச்சத்தினால் அவன் வீட்டிலும் சொல்லியிருக்கமாட்டான்.

இந்த நோய்க்குக் காரணம் தேடிப் பெருந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வருடத் தொடக்கத்தில் வாங்கிய சப்பாத்து வருட நடுவில் சிறுத்துவிடுகிறது. உண்மையில் சிறுத்தது சப்பாத்தன்று, வளர்ந்தது கால். நெருக்கப்பட்ட விரலின் தசை நகத்தின் ஓரத்தின்மீது ஏறுகிறது. அதனுடன் நகம் வெட்டும் முறையும் சேர்ந்துகொள்கிறது. கைநகத்தைப் போலக் கால் நகத்தையும் வளைத்து வெட்டி, மூலைகளைத் தோண்டி எடுத்தால், அடுத்து வளரும் நகத்தின் கூர்நுனி தசையைக் கிழித்துக்கொண்டு உட்செல்கிறது. வலிக்கின்றதே என்று அம்மூலையை மறுபடியும் பிளேட்டினால் தோண்டுவார்கள். இரண்டு நாள் சுகம் கிடைக்கும். பின்பு முன்னிலும் ஆழமாக அது புதையும். தோண்டத் தோண்ட நோய் வளர்வதை அறியாமல், கை தேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் காலை நீட்டுகின்ற வழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. இது நிறுத்தப்பட வேண்டிய வழக்கம்.

ஆரம்ப நிலையில் செய்யத்தக்கது எளியது. இளஞ்சூடான நீரில் காலை ஒரு கால்மணி நேரம், நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை வைத்திருக்கலாம். நகம் மென்மையானதும் அதன் ஓரத்துத் தசையை மெல்ல விலக்கி, நகத்தின் கீழே ஒரு சிறு பஞ்சுத்திரியைச் செருகி வைத்தால் நகம் தசைக்கு மேலாக வளர வழி பிறக்கும். பஞ்சை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். அந்நாட்களில் சப்பாத்தை விட்டு, முன்பக்கம் திறந்த செருப்பை அணிவதே முறை. நான்கைந்து நாளில் குணம் காணாவிட்டாலோ, சீழ் வைத்துவிட்டாலோ, செந்தசை வளர்ந்துவிட்டாலோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியதுதான். அங்கே விரலின் அடியில் விறைப்பு ஊசி போட்டு, புதைந்திருக்கும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் நீக்கிவிடுவார்கள். மீண்டும் மீண்டும் வருமாயின், அந்த ஓரத்து நகவேரில் பீனோல் என்னும் மருந்தை வைத்து, அவ்விடத்தில் நகம் முளைக்காமலே செய்துவிடுவார்கள். நகம் சற்று ஒடுங்கியிருக்கும் என்பதைத் தவிர வேறு குறையில்லை. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். இவ்வளவு சிறிய சத்திரசிகிச்சைக்கு அஞ்சி ஒரு வருடம் நொண்டி நடந்த பெரியவர்களும் உளர். மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நகம் வெட்டும் சரியான முறையையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடலாம். குளித்த பின்பு, நகம் ஊறி மெதுமையாய் இருக்கையில், குறுக்காக நேரே வெட்ட வேண்டும். விரல் நுனியின் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. மூலைகள் கூராக இருந்தால் அரத்தினால் சற்றே தேய்க்கலாம், தோண்டலாகாது. விளக்கு வைத்த பின் நகம் வெட்டக்கூடாது என்று முதியோர் சொல்லுவர். குப்பி விளக்கின் மங்கல் ஒளியில் நகத்துக்குப் பதிலாகத் தசையை வெட்டிக்கொண்டவர்கள் கண்டுபிடித்த சாத்திரமாக அது இருக்கலாம். குனிய முடியாத, கண் தெளிவில்லாத முதியவர்களின் நகத்தை வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் பகல் வெளிச்சத்தில் வெட்டிவிடுவது இன்றைக்கும் பொருந்தும் கடமை. பல வீடுகளில் பாட்டனாரின் கால்நகம் ஆட்டுக்கடாவின் கொம்பு போலத் தடித்து வளைந்து, அடுத்த விரலைக் குத்திக்கொண்டிருக்கும்; போர்வைக்குள் இருப்பதனால் அதை எவரும் கண்டிருக்கமாட்டார்கள். அத்தகைய நகத்தை வீட்டுக் கத்தரிக்கோலினால் வெட்ட முயலாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நகச்சுற்று என்பது யாவரும் அறிந்த நோய். நகத்தின் ஓரத்துத் தோலில் ஏற்பட்ட சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்து, விண்விண் என்று தெறிக்கும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும். தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டிக்கொள்வது நம்மவர் கைமருந்து. தொடக்கத்தில் இளஞ்சூட்டு நீரில் தோய்த்து வந்தாலே வீக்கம் தணிந்துவிடுவதுண்டு. சீழ் கட்டிய பின் அதை வெளியேற்றுவதற்குத் தேசிக்காயினால் ஆகாது. வைத்தியர் ஒரு சிறு கீறலினால் அதை வெளிப்படுத்தினால் வலி அந்தக் கணமே குறையும். இரவு நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு விரல் தெறிக்குமாயின் மறுநாட் காலையில் செல்வது நல்லது.

இனி, விரல்களுக்கு இடையிலுள்ள சந்துகளைப் பார்ப்போம். சேற்றுப்புண் எனப்படுவது பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே தோன்றும். தோல் வெளுத்து ஊறி, உரிந்து, வெடித்து, கடியெடுக்கும், நாற்றமும் வீசும். வயலில் நிற்கும் கமக்காரர், மழையிலே கொழுந்து கொய்யும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர், நாள் முழுவதும் சப்பாத்தும் மேசும் அணிந்திருக்கும் காவலர் ஆகியோரை இது விடுவதில்லை. பூஞ்சண இனத்தைச் சேர்ந்த கிருமியே இதற்குக் காரணம். ஈரமும் இருளும் அதற்கு உணவு போன்றவை. கால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரற்சந்தையும் மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்து, குளோற்றிமசோல் போன்ற பூஞ்சண எதிர்ப்புக் களிம்பைப் பூசிவந்தால் மூன்று நான்கு வாரங்களில் குணமாகும். கடி நின்றதும் களிம்பையும் நிறுத்திவிடுவதே நாம் செய்யும் தவறு. தோல் பார்வைக்கு நன்றாகிய பின்னரும் ஓரிரு வாரங்கள் பூசுதல் வேண்டும். இல்லையேல் அடுத்த மழையோடு அதுவும் திரும்பி வரும்.

ஒரு சிறு சேற்றுப்புண்ணுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த வெடிப்பு ஒரு திறந்த கதவு. அதன் வழியாக நுழைவன பூஞ்சணத்தினும் கொடியவை. வயல் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்குமாயின், எலிக்காய்ச்சற் கிருமி அவ்வெடிப்பின் வழியாக உடலினுட் புகும். ஆகவே காலில் புண் உள்ளவர் வயலில் இறங்குமுன் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணல் வேண்டும்; முற்காப்பாக உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து, அபாயமுள்ள பகுதிகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மூலம் விலையின்றியே வழங்கப்படுகிறது. வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், கண் சிவப்பும், கெண்டைக்காற் தசையில் கடும் நோவும் கண்டால், "வயலில் நின்றேன்" என்ற ஒரு சொல்லை வைத்தியரிடம் சொல்ல மறக்கலாகாது. அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

யானைக்கால் நோயினரின் நிலையும் இத்தகையதே. நுளம்பினால் பரவும் அந்நோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும் முன்னரே வீங்கிய கால்களுடன் வாழ்வோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு அடிக்கடி நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, கால் சிவந்து, நெறி கட்டி, ஒவ்வொரு தடவையும் வீக்கம் கூடுகிறதென்றால், அதற்குரிய கிருமி பெரும்பாலும் விரற்சந்து வெடிப்பின் வழியாகவே உட்செல்கிறது. நாள்தோறும் சவர்க்காரத்தினால் கழுவி, சந்துகளைத் துடைத்து வைப்பதே அவர்களுக்குத் தலையாய சிகிச்சை. அதற்கு ஒரு செம்பு தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் போதும்.

இதே பூஞ்சணம் நகத்துக்குள்ளும் குடியேறும். அப்போது நகம் மஞ்சளித்து, தடித்து, நுனியில் மாவாக உதிரும். வலி இராது, ஆதலால் எவரும் கவலைப்படுவதுமில்லை. நகத்தின் மேலே பூசும் களிம்பு அதன் அடிவரை எளிதில் ஊறாது. வாயினால் உட்கொள்ளும் மாத்திரையே பெரும்பாலும் பயன் தருவது. அதையும் கால் நகத்துக்கு ஏறக்குறைய 12 வாரங்கள் உட்கொள்ள வேண்டும். அம்மருந்து சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடும் என்பதனால் வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது. தடித்த நகமெல்லாம் பூஞ்சணத்தால் வந்ததன்று என்பதும் மனத்தில் இருக்கட்டும். முதுமையும், பழைய அடியும், சோரியாசிஸ் என்னும் தோல் நோயும் நகத்தைத் தடிக்கச் செய்யும். நகச்சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதி செய்த பின்பே மருந்து தொடங்குவது நல்ல வைத்தியரின் வழக்கம். மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேண்டாத வேலை.

கல்லில் இடறி, அல்லது அம்மிக்குழவி விழுந்து, நகம் கறுத்துப்போவது எல்லோர் வாழ்விலும் நிகழ்வது. நகத்தின் கீழே இரத்தம் கட்டி நிற்பதே அக்கருமை. வலி பொறுக்கக் கூடியதாயின் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. நகம் வளர வளரக் கறையும் முன்னோக்கி நகர்ந்து மறையும். பொறுக்க முடியாத வலியாயின், வைத்தியர் நகத்தில் ஒரு சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வெளிவிடுவார். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்துவது கிருமியை உள்ளே அழைத்துச் செல்வதாகவே முடியும். விரல் கோணிப்போனாலும், பெருவிரலில் எலும்பு முறிந்ததாகத் தோன்றினாலும், தோல் கிழிந்து எலும்பு அல்லது நகவேர் தெரிந்தாலும் உடனே செல்க. சிறு விரல்களின் எளிய முறிவுக்கு அடுத்த விரலோடு, இடையே பஞ்சு வைத்துச் சேர்த்துக் கட்டுவதே போதுமானதாக இருக்கும். மண்ணிலே கிடந்த ஆணி குத்தியவர் ஏற்பு ஊசியை மறக்கலாகாது. ஏற்பை உண்டாக்குவது ஆணியின் கறளன்று, மண்ணில் உறங்கும் கிருமி. ஆகவே ஆணி பளபளப்பாக இருந்தது என்பது ஒரு சமாதானமாகாது.

அடி பட்ட நினைவே இல்லாமல் நகத்தின் கீழே கருமை தோன்றினால் அது வேறு கதை. கறுத்த மேனியுடைய நம்மவரின் நகங்கள் பலவற்றில் மெல்லிய கபிலக் கோடுகள் இயல்பாகவே இருக்கும். அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றி, மாதத்துக்கு மாதம் அகன்று, நிறம் சீரற்று, நகத்தின் அடித்தோலிலும் பரவுமாயின், அது மெலனோமா என்னும் புற்றுநோயாக இருத்தல் கூடும். கை கால்களின் பெருவிரல்களே அதற்கு மிகவும் விருப்பமான இடங்கள். உலகப் புகழ் பெற்ற யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லி என்பவருக்குக் கால்விரல் நகத்தின் கீழ் 1977ஆம் ஆண்டில் காணப்பட்டது இந்நோயே. பந்தடிக்கும்போது பட்ட காயம் என்றே அது முதலில் எண்ணப்பட்டிருந்தது. 1981ஆம் ஆண்டில், தமது 36ஆவது வயதில், உடலெங்கும் பரவிய அந்நோயினால் அவர் காலமானார். அரிதாக வரும் நோய்தான். ஆயினும் நகத்தோடு நகராத கருமையை வைத்தியரிடம் காட்டுவதற்கு ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவது வீணாகாது.

நள்ளிரவில், யாதொரு அடியுமின்றி, பெருவிரலின் அடிமூட்டு தீப்பிடித்தாற்போல் வீங்கிச் சிவந்து, போர்வை படுவதையும் பொறாமல் மனிதனைத் துடிக்கச் செய்யும் நோய் ஒன்றுண்டு. ஆங்கில வைத்தியத்தில் அதனைக் கவுட் என்பர். தோமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில வைத்தியர் தாமே அதனால் வருந்தியவர்; அவர் 1683ஆம் ஆண்டில் எழுதிய வருணனை இன்றும் புகழ் பெற்றது. இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் மூட்டிலே பளிங்குகளாகப் படிவதே காரணம். மதுவும், மிகுதியான இறைச்சியும் அதைத் தூண்டும். உரிய மருந்தினால் விரைவில் தணியக்கூடியது. எண்ணெய் பூசி உருவுவதால் வலி ஏறுமேயன்றி இறங்காது. மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்தாலும் ஏறக்குறைய இதே தோற்றமே இருக்கும் என்பதால், காய்ச்சலும் சேர்ந்திருந்தால் விடியும்வரை காத்திராமல் செல்க.

இதுவரை கூறியவை பெரும்பாலும் தம் இருப்பைத் தாமே அறிவிக்கும் நோய்கள். வலி என்பது ஒரு தூதுவன். அவன் வந்து கதவைத் தட்டும்வரை நாம் விழித்துக்கொள்ளலாம். தூதுவனே இறந்துபோன வீட்டில் என்ன நடக்கும்?

இந்நாட்டின் எந்தப் பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதியிலும் இத்தகைய ஒருவரைக் காணலாம். எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வியாதி. மாத்திரை சில மாதம் எடுப்பார், சில மாதம் மறப்பார். ஊர்க் கோயிற் கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் விரதம். தேரன்று நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு வீதி வலம் வருவார். மணல் கொதிக்கும். பக்கத்தில் வருபவர்கள் கால் மாற்றி மாற்றி வைத்து நிழல் தேடி ஓடுவார்கள். இவரோ நிதானமாக நடப்பார். முருகன் அருளால் சூடு தெரியவில்லை என்று வியப்போரும் உண்டு. மாலையில் அவர் மனைவி கண்டார், பெருவிரலின் அடியில் காசளவு கொப்புளம். "நோகுதா?" என்று கேட்டார். "இல்லையப்பா, நோவில்லை. விடும்" என்றார் அவர்.

நோவில்லை என்பதே நோய் என்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

கொப்புளம் உடைந்தது. ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு அவர் வழக்கம்போல் நடந்தார். ஒரு கிழமைக்குப் பின் துர்நாற்றம் வந்தது. மகன் வைத்தியசாலைக்கு அழைத்தான். அங்கே போனால் விரலை எடுத்துவிடுவார்கள், பக்கத்து ஒழுங்கையில் ஒருவருக்கு அப்படித்தான் எடுத்தார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். நாட்டு மருந்து கட்டினார்கள். மேலும் இரண்டு கிழமை சென்றது. விரல் கறுத்தது, அடுத்த விரலும் கறுத்தது, புறங்கால் வீங்கி நடுக்கற் காய்ச்சல் கண்டபோது தூக்கிக்கொண்டுதான் போனார்கள். விரல் போய்விடும் என்று அஞ்சியிருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. கொப்புளம் கண்ட அன்று ஏன் வரவில்லை என்று வைத்தியர் கேட்டார். அப்போதும் அவருடைய விடை, "நோகவில்லை, ஐயா" என்பதே.

நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருப்பின் மூன்று கேடுகள் காலில் ஒருங்கே சேர்கின்றன. நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன. அது முதலில் தெரிவது கால்விரல்களிலேயே. இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதால் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் புண்ணுக்குச் செல்வதில்லை. சீனி மிகுந்த உடல் கிருமியை எதிர்க்கும் ஆற்றலிலும் குன்றிவிடுகிறது. ஆகவே மற்றவருக்கு மூன்று நாளில் ஆறும் கீறல் இவருக்கு மூன்று மாதத்திலும் ஆறுவதில்லை. புகைப்பழக்கமும் இருந்துவிட்டால் குழாய்கள் இன்னும் விரைவில் அடைபடும். இவற்றை முன்னரே அறிய எளிய சோதனை இருக்கிறது. நைலோன் இழை ஒன்றினால் உள்ளங்காலின் பல இடங்களிலும் மெல்ல அழுத்தி, நோயாளி கண்ணை மூடிக்கொண்டு அதை உணர்கிறாரா என்று பார்ப்பார்கள்; புறங்காலில் நாடித்துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிடங்களே செல்லும். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு தடவையேனும் இதைச் செய்வித்துக்கொள்ளல் வேண்டும்.

வலியைக்கொண்டு அறிய முடியாதவர் கண்ணைக்கொண்டு அறிய வேண்டும். இரவு படுக்கைக்குப் போகுமுன் விளக்கின் கீழ் அமர்ந்து, ஒவ்வொரு விரலையும், விரற்சந்துகளையும் பார்த்தல் நலம். உள்ளங்காலைப் பார்க்க முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்துக்கொள்ளலாம். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். காலைக் கழுவும் வெந்நீரை முழங்கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். காலை வைத்துப் பார்ப்பது பயனற்றது. சப்பாத்தை அணியுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும். ஒரு சிறு கல் நாள் முழுவதும் உள்ளே கிடந்து புண்ணாக்கிய பின்னரும் அறியாதிருந்தவர்கள் பலர். புதிய சப்பாத்தை மாலையில் வாங்குவது நல்லது. நாள் முடிவில் கால் சற்று உப்பியிருக்கும். காலாணியைப் பிளேட்டினால் சீவுவதும், அதைக் கரைக்கக் கடையில் விற்கும் அமிலப் பிளாஸ்டரை ஒட்டுவதும் இவர்களுக்கு ஆகா. மெட்டி அணிந்த பெண்கள், கால் வீங்கத் தொடங்கும்போதே அதைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பின் அது விரலை இறுக்கி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். மங்கலப் பொருளாயிற்றே என்று தயங்குவோர் உளர். வீக்கம் வற்றியதும் மறுபடியும் அணியலாமே.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வதும், வெறுங்காலுடன் வீதி வலம் வருவதும் நம் மக்களின் உயிரோடு கலந்தவை. அவற்றை விட்டுவிடுமாறு நீரிழிவுள்ளவருக்கு வைத்தியர் சொல்லும்போது பலர் மனம் நோகின்றனர். அதிகாலைப் பூசைக்குச் செல்வதும், வெயில் ஏறுமுன் வலம் வந்துவிடுவதும் எவருக்கும் இயலும். நெடுவழி நடக்க விரும்புவோர் தம் வைத்தியரிடம் காலைக் காட்டி, உணர்ச்சி குன்றியிருக்கிறதா என்று அறிந்த பின் முடிவு செய்தல் தகும். அவ்வாறு குன்றியிருப்பின், பாதத்தை மூடும் மென்மையான காலணியின்றிக் கொதிக்கும் தாரில் நடப்பது ஆகாது.

நீரிழிவு இல்லாதவருக்கும் கால் விறைத்திருத்தல் கூடும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும் உடனிருந்தால் தொழுநோயோ என்று பார்க்க வேண்டும். அப்பெயரைக் கேட்டு ஒளிந்துகொள்ளும் காலம் போய்விட்டது. கூட்டு மருந்தினால் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ முற்றாகக் குணமாகும் நோய் அது. மருந்து அரசாங்கத்தினால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தாமதித்தவர்களுக்கே விரல் மழுங்குகிறது.

நீரிழிவுள்ளவரின் காலில் கொப்புளமோ, வெடிப்போ, நிறமாற்றமோ எது கண்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே அல்லது மறுநாளே காட்டுதல் வேண்டும். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. விரல் கறுத்தாலும், குளிர்ந்து நீலம் பாரித்தாலும், சிவப்பு புறங்காலின்மேல் ஏறினாலும், நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலும் இரவென்றும் பாராமல் செல்க. வேளையோடு செல்பவருக்குப் புண்ணைத் துப்புரவாக்கி, மருந்து கொடுத்து, காலுக்கு ஓய்வு கொடுத்தாலே விரலைக் காப்பாற்றிவிட முடிகிறது. ஒரு விரலை நீக்க நேர்ந்தாலும், அது கால் முழுவதையும் காப்பதற்காகவே என்பதை வீட்டார் எடுத்துச் சொல்லல் வேண்டும்.

அவ்வாறு செல்லும்போது உட்கொள்ளும் மாத்திரைகளையும், நாள்தோறும் அணியும் சப்பாத்தையோ செருப்பையோ உடன் கொண்டு செல்வது நல்லது. அதன் உட்புறத் தேய்வைப் பார்த்தே புண் வந்த வழியை வைத்தியர் ஊகித்துவிடுவார். நோயுற்ற காலை மட்டுமன்றி மற்றக் காலையும் திறந்து காட்டுக. கூட்டம் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில், வைத்தியர் கேட்க நேரமில்லாதிருந்தால், கேளாமலே மேசைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அதற்காக எந்த வைத்தியரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.